பேப்பரைத் தொட்டாலே எய்ட்ஸ் வருமா? 13 வயதுப் பையனைப் பள்ளிக்குள் விடாத ஊரும், கைகுலுக்கி வரவேற்ற ஊரும்!

வீடு வீடாகப் போய் பேப்பர் போடும் ஒரு ஸ்கூல் பையன். திடீரென்று அவன் பேப்பர் போடும் வீடுகளில் பலர் பேப்பரையே நிறுத்திவிட்டார்கள். காரணம், அவனுக்கு எய்ட்ஸ். அவன் கை பட்ட பேப்பரைத் தொட்டால் தங்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயந்தார்கள்.

இது நடந்தது 1980-களின் நடுவில், அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் இருக்கும் கோகோமோ என்ற ஊரில். அந்தப் பையனின் பெயர் ரயன் ஒயிட்.

கிட்டத்தட்ட 40 வருஷம் ஓடிவிட்டது. பேப்பரையே இப்போ நாம போனில்தான் படிக்கிறோம். ஆனா ஒரே தட்டில் சாப்பிட்டா வருமா, கொசு கடிச்சா வருமா, ஆபீஸ் பாத்ரூமில் இருந்து வருமா என்ற கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரு ஊரே சேர்ந்து ரயனை நோக்கிக் கேட்டது. அவன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பதில்களும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

யார் இந்த ரயன்?

1971 டிசம்பர் 6-ம் தேதி கோகோமோவில் பிறந்தவன் ரயன். பிறந்து மூன்றாவது நாளே அவனுக்கு ஹீமோஃபிலியா இருப்பது தெரிந்தது. நமக்கெல்லாம் சின்னதாக ஒரு வெட்டுக்காயம் பட்டால், கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து தானாக நின்றுவிடும். ஹீமோஃபிலியா இருப்பவர்களுக்கு அப்படி நிற்காது. ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் அவர்கள் உடலில் போதுமான அளவு இருக்காது. அடிபட்டால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும், வலி உயிரை எடுக்கும்.

இதற்கு அப்போது ஒரு நல்ல மருந்து வந்திருந்தது. மற்றவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து ஃபேக்டர் 8-ஐப் பிரித்தெடுத்து, ஊசி மூலம் ஏற்றுவார்கள். ரயனுக்கும் அதுதான் சிகிச்சை. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் மற்ற பிள்ளைகளைப் போல அவனும் ஸ்கூலுக்குப் போகலாம், விளையாடலாம். அம்மா ஜீனுக்கும் தங்கை ஆண்ட்ரியாவுக்கும் அது பெரிய நிம்மதி.

வைரஸ் எப்படி உள்ளே வந்தது?

பிரச்னை அந்த மருந்திலேயே இருந்தது. ஒரு பேட்ச் ஃபேக்டர் 8 தயாரிக்க ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலப்பார்கள். அதில் ஒருவருக்கு ஹெச்.ஐ.வி இருந்தாலும் மொத்த பேட்ச்சிலும் வைரஸ் கலந்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் ரத்தத்தில் ஹெச்.ஐ.வி இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட்டே கிடையாது. அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1983-ல்தான். ரத்த தானத்தைப் பரிசோதிக்கும் டெஸ்ட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். அதற்குள் அந்த நாட்டில் ஹீமோஃபிலியா இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைரஸ் போய்ச் சேர்ந்திருந்தது. வாழவைத்த மருந்தே நோயையும் கொண்டுவந்தது.

1984 டிசம்பரில் ரயனுக்குக் கடுமையான நிமோனியா. நுரையீரலில் ஆபரேஷன் செய்து பார்த்தபோது எய்ட்ஸ் என்று உறுதியானது. அவனுக்கு 13 வயது நிறைந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஆறு மாதம் உயிரோடு இருப்பான் என்று டாக்டர்கள் கணக்குச் சொன்னார்கள்.

ரயனுக்கு வந்த வழி, ஹெச்.ஐ.வி பரவும் சில வழிகளில் ஒன்று. மற்ற வழிகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் மற்றவருக்குத் தொற்றும் அளவுக்கு இந்த வைரஸ் இருக்கும். ஆணுறை போன்ற பாதுகாப்பு இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் பயன்படுத்துவது, பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்குப் போவது ஆகியவைதான் முக்கியமான வழிகள். சுத்தப்படுத்தாத ஊசியில் டாட்டூ போடுவதும் ரிஸ்க்தான். புது ஊசியா என்று கேட்டு, கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்க.

ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு: ரத்தம் கொடுத்தால் வருமா? வராது. ரத்தம் எடுக்கப் புது ஊசியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போகிறதே தவிர, வேறு எதுவும் உள்ளே வருவதில்லை. ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்காகவும், இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தையும் ஹெச்.ஐ.வி-க்குப் பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது விதி.

பள்ளி ஏன் கதவைச் சாத்தியது?

ஆறு மாதம் கழித்தும் ரயன் உயிரோடு இருந்தான். உடம்பு கொஞ்சம் தேறியதும் அவன் கேட்டது ஒன்றுதான்: திரும்ப ஸ்கூலுக்குப் போகணும். அவன் படித்தது பக்கத்து ஊரான ரஷ்யாவில்லில் இருக்கும் வெஸ்டர்ன் நடுநிலைப் பள்ளியில். 1985 ஜூன் கடைசியில் அவனைச் சேர்க்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவன் வரக் கூடாது என்று 117 பெற்றோரும் 50 ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட்டில் வகுப்புகள் தொடங்கியபோது ரயன் வீட்டில் இருந்தபடி டெலிபோனில் பாடம் கேட்டான். ஆன்லைன் கிளாஸ் நமக்குப் பழகிப்போன விஷயம். 1985-ல், மொத்த வகுப்பும் ஸ்கூலில் உட்கார்ந்திருக்க, ஒரே ஒருவன் மட்டும் போன் லைனில் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. மாகாணக் கல்வித் துறைக்கும் போனது. கல்வித் துறை ரயன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பள்ளி நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. இப்படியே எட்டு மாதம் இழுத்தது. ஒருவழியாக 1986 பிப்ரவரி 21-ம் தேதி ரயன் ஸ்கூலுக்குள் காலடி வைத்தான். அன்றைக்கு அங்கே படித்த 360 பேரில் 151 பேர் வரவில்லை. அன்று மதியமே எதிர்த் தரப்பு கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. ரயன் மறுபடியும் வீட்டுக்கு. ஏப்ரலில்தான் அந்தத் தடை நீங்கியது.

இத்தனைக்கும் ரயன் குடும்பம் நிறைய விட்டுக்கொடுத்திருந்தது. அவனுக்குத் தனி பாத்ரூம், தனி குடிநீர்க் குழாய், சாப்பிட யூஸ் அண்ட் த்ரோ தட்டும் ஸ்பூனும். இதெல்லாம் தேவையே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். மற்ற பெற்றோரின் பயம் குறையட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். பயம் குறையவில்லை. சில குடும்பங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனியாக வேறொரு பள்ளியையே ஆரம்பித்தன.

அப்போ விஞ்ஞானத்துக்குத் தெரியாதா?

தெரியும். இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1985 ஆகஸ்ட்டிலேயே அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஹெச்.ஐ.வி உள்ள பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போவதில் ஆபத்து இல்லை என்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

1986 பிப்ரவரியில், ரயன் ஒரே ஒரு நாள் ஸ்கூலுக்குப் போன அதே மாதத்தில், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளோடு ஒரே வீட்டில் குறைந்தது மூன்று மாதம் வாழ்ந்த 101 பேரை டாக்டர்கள் பரிசோதித்திருந்தார்கள். உடலுறவுத் தொடர்பு இல்லாத குடும்பத்தினர் இவர்கள். ஒரே கிளாஸில் குடித்தவர்கள், ஒரே படுக்கையில் தூங்கியவர்கள், கட்டிப்பிடித்தவர்கள், முத்தம் கொடுத்தவர்கள், டூத் பிரஷ்ஷைக்கூடப் பகிர்ந்துகொண்டவர்கள் எல்லாம் இதில் அடக்கம். தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. அதுவும் தாயிடமிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று ஆய்வு சொன்னது. வீட்டில் சேர்ந்து புழங்கியதால் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ரயன் வீட்டிலும் இதே நிலைதான். அம்மா ஜீனுக்கும் தங்கை ஆண்ட்ரியாவுக்கும் அவனிடமிருந்து தொற்று வரவில்லை.

ஏன் பரவுவதில்லை? ஹெச்.ஐ.வி உடலுக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாக அது பரவாது. காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போகவும் அதனால் முடியாது. அதனால்தான் கைகுலுக்கினால், கட்டிப்பிடித்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தினால், ஒரே நீச்சல் குளத்தில் குளித்தால், இருமினால், தும்மினால் எல்லாம் வராது. பேப்பரைத் தொட்டாலும் வராது.

அப்போ கொசு? கொசு நம்மிடம் ரத்தத்தை உறிஞ்சும், ஆனா முன்பு கடித்தவரின் ரத்தத்தை நமக்குள் செலுத்தாது. உள்ளே விடுவது தன்னுடைய எச்சிலைத்தான். ஹெச்.ஐ.வி கொசுவின் உடலுக்குள் பெருகுவதும் இல்லை, அங்கே ஜீரணமாகிவிடும். டெங்கு, மலேரியா கிருமிகள் கொசுவுக்குள் வளர்ந்து அதன் எச்சில் வரைக்கும் வந்துசேரும். அதனால்தான் அவை பரவுகின்றன, ஹெச்.ஐ.வி பரவுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஷேவிங் ரேஸரில் ரத்தம் ஒட்டியிருக்க வாய்ப்பு இருப்பதால், அதை யாரோடும் பகிர வேண்டாம். மற்ற தொற்றுகளுக்கும் இது பொருந்தும். சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்வது நல்ல பழக்கம்.

கேஸில் ஜெயித்தான், ஊரில்?

1986 - 87 கல்வியாண்டு முழுவதும் ரயன் ஸ்கூலுக்குப் போனான். ஆனா சந்தோஷமாக இல்லை. நண்பர்கள் குறைவு. அவன் லாக்கரில் அசிங்கமாக எழுதிவைத்தார்கள். காய்கறிகள் மேல் துப்புகிறான், ஆட்களைக் கடிக்கிறான் என்று கதை கட்டினார்கள். ஹோட்டலில் அவன் சாப்பிட்ட தட்டைத் தூக்கிப் போட்டார்கள். சர்ச்சில்கூட அவனோடு கைகுலுக்க ஆள் இல்லை. அவனுக்கு ஆதரவாக எழுதிய உள்ளூர்ப் பத்திரிகைக்கும் மிரட்டல் வந்தது.

கடைசியில் அவன் வீட்டு ஹால் ஜன்னலைத் துளைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அதோடு போதும் என்று குடும்பம் ஊரைக் காலி செய்தது. தெற்கே இருக்கும் சிசரோ என்ற சின்ன ஊருக்கு மாறினார்கள். வீடு வாங்க முன்பணமாக 16,500 டாலர் கடன் கொடுத்தவர் பாடகர் எல்டன் ஜான்.

அதே மாகாணம், வேறு பள்ளி

1987 ஆகஸ்ட் 31. ஹாமில்டன் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ரயனுக்கு முதல் நாள். வாசலில் பிரின்சிபால் டோனி குக் நின்றிருந்தார். கூடவே சில மாணவர்கள். எல்லாரும் வரிசையாக வந்து அவனோடு கைகுலுக்கினார்கள்.

இது தானாக நடந்துவிடவில்லை. ரயன் வருகிறான் என்று தெரிந்ததுமே அந்தப் பள்ளி வேலையை ஆரம்பித்துவிட்டது. எய்ட்ஸ் பற்றிய தகவல்களைத் திரட்டி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பேசிப் புரியவைத்தார்கள். கேள்வி கேட்க விட்டார்கள். மாணவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கு விளக்கினார்கள்.

இரண்டு பள்ளிகளும் இண்டியானாவில்தான் இருந்தன. வைரஸும் அதேதான், பையனும் அவனேதான். ஒரு பள்ளி அவன் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசியது. இன்னொன்று கோர்ட்டில் பேசியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

1988 மார்ச்சில் எய்ட்ஸ் பற்றிய அமெரிக்க அதிபரின் ஆணையத்தின் முன் 16 வயது ரயன் சாட்சி சொன்னான். கோகோமோவில் பட்டதையும் புதுப் பள்ளியில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இப்போது கார் ஓட்டப் பழகுவதையும், டான்ஸ் நிகழ்ச்சிகளுக்குப் போவதையும், நல்ல மார்க் வாங்கியதையும் சொன்னான். ஒரு சாதாரண டீன் ஏஜ் பையனாக இருப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அவன் வாழ்க்கை டி.வி படமாக வந்தபோது, அதில் ஒரு சின்ன வேடத்தில் நடிக்கவும் செய்தான்.

அப்பாவி என்ற பட்டம் வேண்டாம்!

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்றால் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் போதை ஊசி போடுபவர்களுக்கும் வரும் தண்டனை என்று பேசியவர்கள் நிறைய பேர். ரயனுக்கு மருந்தில் இருந்து வந்ததால், அவனை மட்டும் அப்பாவி என்று மீடியா பிரித்துக் காட்டியது. கேட்க ஆதரவாகத் தெரியும். ஆனா ஒருவரை அப்பாவி என்றால், மற்றவர்கள் குற்றவாளிகள் என்று ஆகிவிடும். ரயன் இந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. நோய் வந்த எல்லாரும் நோயாளிகள்தான், எப்படி வந்தது என்று பார்த்து மரியாதை கூடவோ குறையவோ தேவையில்லை என்பதே அவன் நிலை.

இன்றைக்கும் ஒருவருக்கு ஹெச்.ஐ.வி என்று தெரிந்தால் முதலில் வரும் கேள்வி, எப்படி வந்தது என்பதுதான். எப்படிப் பரவும் என்று தெரிந்துகொள்வது நம் பாதுகாப்புக்கு. அடுத்தவருக்கு எப்படி வந்தது என்பது நமக்குத் தேவையில்லாத தகவல்.

18 வயதில் முடிந்த வாழ்க்கை

1990 மார்ச் 29-ம் தேதி மூச்சுத்திணறலோடு இண்டியானாபொலிஸில் உள்ள ரைலி குழந்தைகள் மருத்துவமனையில் ரயன் சேர்க்கப்பட்டான். ஏப்ரல் 8-ம் தேதி இறந்துபோனான். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஆறு மாதம் என்று கணக்குச் சொல்லப்பட்டவன் ஐந்து வருஷத்துக்கும் மேல் வாழ்ந்திருந்தான்.

இறுதிச் சடங்குக்கு 1,500 பேருக்கும் மேல் வந்தார்கள். எல்டன் ஜான் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். மைக்கேல் ஜாக்சனும் அதிபரின் மனைவி பார்பரா புஷ்ஷும் வந்திருந்தார்கள். ஆனால் அடக்கம் செய்த பிறகும் நான்கு முறை அவன் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள். பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட்டில், வசதியில்லாத ஹெச்.ஐ.வி நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்யும் சட்டத்தை அமெரிக்கா ரயன் பெயரிலேயே கொண்டுவந்தது. அந்த நாட்டில் ஹெச்.ஐ.வி உறுதி செய்யப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்போதும் அந்தத் திட்டத்தின் வழியாக உதவி கிடைக்கிறது.

ரயன் இன்று இருந்திருந்தால்?

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை 1996 வாக்கில் வந்தது. ரயன் அதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டான். இன்று ஹெச்.ஐ.வி என்றால் உடனே மரணம் என்று அர்த்தம் இல்லை. தினமும் ஏ.ஆர்.டி மாத்திரை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லாரையும் போல நீண்ட நாள் வாழலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம்: மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு டெஸ்ட்டில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்கு ஹெச்.ஐ.வி பரவாது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து உறுதி செய்த உண்மை இது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவிகிதம் வரை வாய்ப்பு உண்டு. சரியான சிகிச்சை இருந்தால் அதை 5 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவரலாம்.

ஆபத்தான சூழலில் மாட்டிக்கொண்டோம் என்று சந்தேகம் வந்தால்? 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்க. தொற்றைத் தடுக்க 28 நாள் எடுக்க வேண்டிய மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. டெஸ்ட் எடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ரிசல்ட் நெகட்டிவ் என்றே வரலாம். அதனால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் டெஸ்ட் இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் பண்ணலாம்.

இந்தியாவில் 2017-ல் கொண்டுவரப்பட்ட ஹெச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஹெச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுப்பது, வேலையை விட்டு நீக்குவது, சிகிச்சை தர மறுப்பது, வாடகைக்கு வீடு தர மறுப்பது எல்லாமே இந்தச் சட்டப்படி தவறு. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தத் தகவலை வெளியே சொல்வதும் தவறு.

சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவிடும். கோகோமோவிலும் சட்டம்தான் திறந்துவிட்டது. ஆனா உள்ளே போனவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கவில்லை. உங்கள் ஆபீஸிலோ, அபார்ட்மென்ட்டிலோ, பிள்ளை படிக்கும் ஸ்கூலிலோ இப்படி ஒரு பேச்சு வந்தால், கொசு கடிச்சா வராது, சேர்ந்து சாப்பிட்டா வராது என்று அந்த இடத்திலேயே ஒருவர் சொன்னால் போதும். ஹாமில்டன் ஹைட்ஸ் பள்ளியில் நடந்தது அதுதான்.